ஹோம் ஆபீஸ் நிராகரித்த பிறகு: அரசியல் அச்சத்தை நீதிபதி எப்படி எடைபோடுகிறார்?

"கேஸ் ரிஃபியூஸ் ஆயிட்டுது, அப்பீல் போட்டிருக்கு." லண்டனில் ஈஸ்ட்ஹாம், ஹாரோ பக்கம் தமிழர்கள் கூடுகிற இடங்களில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு இது. கேட்பவர்கள் பெரும்பாலும், தஞ்சம் கேட்ட அந்த ஆளுக்கு நடந்ததை ஹோம் ஆபீஸ் (தஞ்சக் கோரிக்கைகளை முடிவுசெய்யும் பிரிட்டிஷ் உள்துறை அமைச்சு) நம்பவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். பல வழக்குகளில் காரணமும் அதுதான். ஆனால் சொன்னது முழுவதையும் நம்பிய பிறகும் நிராகரிக்க முடியும். இராணுவ முகாமில் அடிவாங்கியவர் தோற்பதும், ஒருநாளும் கைதாகாதவர் வெல்வதும் நடக்கிறது. நீதிபதியின் விசாரணை 'உங்களுக்கு என்ன நடந்தது?' என்பதில் தொடங்கினாலும், 'இன்று உங்களை இலங்கையின் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறக்கிவிட்டால் அங்கிருப்பவர்கள் உங்களை யாராகப் பார்ப்பார்கள், என்ன செய்வார்கள்?' என்ற இடத்தில்தான் போய் முடியும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஓரளவுக்குத் தானாகப் புரியும்.

இந்தக் கட்டுரை பிரிட்டனைப் பற்றியது. உதாரணங்கள் பெரும்பாலும் இலங்கைத் தமிழர்களுடையவை. பிரிட்டிஷ் தஞ்சச் சட்டத்தின் முக்கியமான விதிகள் பல அவர்களுடைய வழக்குகளில்தான் உருவாயின.

முதலில் அடிப்படை. 1951இல் ஜெனீவாவில் உருவான அகதிகள் ஒப்பந்தம்தான் வேர். இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து என்ற ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்று ஆதாரத்தோடு அஞ்சி, நாட்டுக்கு வெளியே நிற்கிறவர் அகதி. சொந்த அரசின் பாதுகாப்பும் அவருக்குக் கிடைக்காததாக இருக்க வேண்டும். பிரிட்டன் இதில் கையெழுத்திட்ட நாடு. இந்தியாவும் இலங்கையும் இன்றுவரை சேரவில்லை. வறுமையோ வேலையின்மையோ இந்த வரையறைக்குள் வராது. ஐந்து காரணங்களில் எதுவும் பொருந்தாவிட்டாலும், திருப்பி அனுப்பினால் சித்திரவதை நடக்கும் என்று காட்ட முடிந்தால் ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவு தனியாகக் காப்பாற்றும். அதனால் வக்கீல்கள் இரண்டையும் சேர்த்தே வாதிடுவார்கள்.

பேசுவதற்கு வசதியாக ஒரு கற்பனை மனிதரை வைத்துக்கொள்வோம். கிளிநொச்சிக்காரர். போர்க்காலத்தில் புலிகளுக்காக வாகனம் ஓட்டியவர். போர் முடிந்து சில வருடம் கழித்து சி.ஐ.டி. அவரைப் பிடித்துப்போய் விசாரித்தது, முதுகில் சூடு வைத்தது. மாமா காசு கொடுத்து வெளியே எடுத்தார். மாணவர் விசாவில் லண்டன் வந்தார். விசா முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகுதான் தஞ்சம் கேட்டார். இப்போது ஹைட் பார்க் கார்டன்ஸிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் முன்னால் நடக்கும் ஆர்ப்பாட்டங்களுக்குப் போகிறார்.

நிராகரிப்புக் கடிதத்தில் இருப்பது

இப்படிப்பட்டவருக்கு வரும் கடிதத்தின் வாதங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். உண்மையிலேயே பயந்திருந்தால் வந்து இறங்கியதுமே தஞ்சம் கேட்டிருப்பீர்கள். நீங்கள் முக்கியமான ஆளாக இருந்தால் காசு வாங்கிக்கொண்டு விட்டிருக்க மாட்டார்கள். தேடப்படுகிறவர் சொந்தப் பாஸ்போர்ட்டில் விமான நிலையத்தைக் கடந்திருக்க முடியாது. அப்புறம் கடைசியில் ஒரு பத்தி: நீங்கள் சொல்வது எல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், நீங்கள் ஒரு டிரைவர்; போர் 2009இல் முடிந்துவிட்டது; இப்போது உங்கள்மேல் யாருக்கும் அக்கறை இல்லை.

முதல்முறை படிக்கிறவர்கள் தன்னைப் பொய்யர் என்று சொல்லும் பத்திகளில் கொதித்துப்போய், கடைசிப் பத்தியைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால், கடிதத்திலேயே ஆபத்தான பத்தி அதுதான். கதையை நிரூபித்துவிட்டாலும் அது அப்படியே நிற்கும்.

கடிதம் அனுப்பப்பட்டதிலிருந்து 14 நாளுக்குள் அப்பீல் போட வேண்டும். தவறினால் காரணம் சொல்லி அவகாசம் கேட்கலாம், ஆனால் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. அப்பீல் நிலுவையில் இருக்கும்வரை ஆளை நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. கோரிக்கை 'தெளிவாகவே ஆதாரமற்றது' என்று ஹோம் ஆபீஸ் முத்திரை குத்திவிட்டால் மட்டும் அப்பீல் உரிமையே கிடையாது. முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று மட்டும் பார்க்கும் நீதிமன்றச் சீராய்வு என்ற குறுகலான வழிதான் மிச்சம். வருமானம் இல்லாதவர்களுக்கு அரசுச் செலவில் சட்ட உதவி உண்டு. அதை எடுத்து நடத்தும் சொலிசிட்டரைக் கண்டுபிடிப்பதுதான் பாடு.

அப்பீல் உரிமை வந்த கதை

நாட்டுக்குள் இருந்தபடியே அப்பீல் செய்யலாம் என்பது ஆதியிலிருந்தே இருந்ததல்ல. 1987இல் பிரிட்டன் வந்து தஞ்சம் கேட்டு நிராகரிக்கப்பட்ட சில இலங்கைத் தமிழர்களுக்கு அந்த உரிமை இருக்கவில்லை. அப்பீல் செய்ய வேண்டுமானால் முதலில் இலங்கைக்குத் திரும்பிப் போக வேண்டும், அங்கிருந்துதான் செய்ய வேண்டும். யாரிடமிருந்து தப்பி வந்தார்களோ அவர்கள் கையில் போய் நின்றுகொண்டு லண்டனுக்கு மனுப் போடுவது! அவர்களுடைய வழக்கு வேறு வழியில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபைவரை போனது. தஞ்சம் கேட்பவருடைய உள்ளத்தில் அச்சம் இருந்தால் போதுமா, அல்லது அந்த அச்சத்துக்கு வெளியே ஆதாரம் வேண்டுமா என்பது கேள்வி. ஆதாரம் வேண்டும் என்று 1988இல் பிரபுக்கள் தீர்ப்பளித்தார்கள். தமிழர்கள் தோற்றார்கள், திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆனால் அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது: ஆபத்து நிச்சயம் என்று காட்டத் தேவையில்லை, ஐம்பது சதவீதத்துக்கு மேல் என்றுகூடக் காட்டத் தேவையில்லை, 'நியாயமான அளவு வாய்ப்பு' இருந்தால் போதும். இன்றுவரை ஆயிரக்கணக்கானோர் நிற்பது தீர்ப்பின் அந்தப் பாதியில்தான்.

திருப்பி அனுப்பப்பட்டவர்களில் சிலர் அங்கே மறுபடி துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். இலங்கையிலிருந்தபடியே நடத்திய அப்பீலில், அவர்களுடைய அச்சம் நியாயமானதுதான் என்று 1989இல் லண்டனில் ஒரு நடுவர் முடிவுசெய்தார்; அவர்கள் பிரிட்டனுக்குத் திரும்ப அனுமதிக்கப்பட்டார்கள். ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றத்திலோ 1991இல் அவர்களுக்குத் தோல்விதான். நாட்டுக்குள் இருந்தே அப்பீல் செய்யும் உரிமை 1993 சட்டத்தில்தான் எல்லாத் தஞ்சம் கோருவோருக்கும் வந்தது.

விசாரணை நாள்

வழக்கு முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்குப் போகும். லண்டனில் டெய்லர் ஹவுஸ், ஹீத்ரோ பக்கத்தில் ஹாட்டன் கிராஸ். வெளியே பர்மிங்காம், மான்செஸ்டர், பிராட்ஃபோர்டு, கிளாஸ்கோ என்று மையங்கள் உண்டு. சினிமாவில் பார்க்கிற நீதிமன்றத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சாதாரண அலுவலக அறை, விக் போடாத ஒரு நீதிபதி, எதிரே ஹோம் ஆபீஸ் சார்பில் ஓர் அதிகாரி, உங்கள் பக்கத்தில் வக்கீல், தீர்ப்பாயமே ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளர். யாழ்ப்பாணத்துப் பேச்சு பிடிபடாத மொழிபெயர்ப்பாளர் வந்துவிட்டால் தொடக்கத்திலேயே நீதிபதியிடம் சொல்லிவிட வேண்டும். தீர்ப்பு வந்த பிறகு சொன்னால் சாக்குப்போல்தான் தெரியும்.

உங்கள் தரப்பு வாக்குமூலம் எழுத்தில் ஏற்கனவே போயிருக்கும். அதனால் 'இது என்னுடையதுதான், உண்மைதான்' என்று ஒத்துக்கொண்டதுமே குறுக்கு விசாரணை தொடங்கிவிடும். பிறகு இரு தரப்பு வாதம். தீர்ப்பு பெரும்பாலும் அன்றைக்கே வராது, எழுத்தில் பின்னால் வரும்.

இங்கே புதியவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. நீதிபதி ஹோம் ஆபீஸின் கடிதம் சரியா தவறா என்று திருத்துவதோடு நின்றுவிடுவதில்லை. வழக்கை முதலிலிருந்து, விசாரணை நாளன்று உள்ள நிலவரத்தின்படி பார்க்கிறார். கோரிக்கை வைத்த பிறகு நடந்ததும் கணக்கில் வரும். போரின்போது பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோத்தபாய 2019 நவம்பரில் ஜனாதிபதியானபோது காத்திருந்த வழக்குகளில் ஆபத்து கூடிவிட்டது என்று வாதிட்டார்கள். 2024 செப்டம்பரில் அநுர குமார ஜனாதிபதியாக வந்த பிறகு நிலைமை மாறிவிட்டதா என்ற கேள்வி எதிர்ப்பக்கத்திலிருந்து எழும். ஒரே கதை, கொழும்பில் நடந்த தேர்தலைப் பொறுத்து வேறு முடிவுக்குப் போகலாம்.

நம்புவதும் நம்பாததும்

வந்து இறங்கியதும் நடக்கும் சிறு நேர்காணல், பிறகு நடக்கும் நீண்ட இன்டர்வியூ, சொலிசிட்டர் எழுதிய வாக்குமூலம், விசாரணையில் வாய்மொழி. இந்த நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முரண்பாடு தேடுவார்கள். தேதி மாறிப்போவது எல்லோருக்கும் நடப்பதுதான். சித்திரவதைக்கு உள்ளானவர்களின் நினைவு ஒழுங்காக இருக்காது என்பதும் நீதிபதிகளுக்குத் தெரியும். முதல் நேர்காணலில் கைதையே சொல்லாமல் விட்டு இரண்டாவதில் சொல்வதுதான் வழக்கைப் பலவீனமாக்கும். தாமதமாகத் தஞ்சம் கேட்டதை நம்பகத்தன்மைக்கு எதிராக எடுக்க வேண்டும் என்று 2004 சட்டமே சொல்கிறது. ஆனால் அது ஒன்றே வழக்கை முடித்துவிடாது. நம் கிளிநொச்சிக்காரர் விசா இருந்தவரை ஏன் கேட்கவில்லை என்பதற்கு, விசா இருந்தவரை திருப்பி அனுப்பப்படும் பயம் இல்லை என்ற நேர்மையான பதிலே போதுமானதாக இருக்கலாம்.

ஒரு இடத்தில் பொய் பிடிபட்டாலும் எல்லாம் போச்சு என்று அர்த்தமில்லை. ஒருவர் பல காரணங்களுக்காகப் பொய் சொல்லக்கூடும், அந்தப் பொய் வழக்கின் மையத்தைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று 2010இல் ஒரு சோமாலியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதைத் தைரியமாக எடுத்துக்கொண்டு யாரும் 'கதை எழுதித் தருகிறேன்' என்று வரும் ஆட்களிடம் போகக்கூடாது. விலைக்கு வாங்கிய கதை குறுக்கு விசாரணையில் பத்து நிமிடம் தாங்காது. உண்மையான கதை வைத்திருப்பவர்களும் அதை 'பலப்படுத்த' போய்க் கெடுத்துக்கொள்கிறார்கள்.

காசு கொடுத்து வெளியே வந்தது, விமான நிலையத்தைக் கடந்தது ஆகிய இரண்டு வாதங்களுக்கும் தீர்ப்பாயத்திடமே பதில் இருக்கிறது. குற்றச்சாட்டு எவ்வளவு கடுமையானது என்பது லஞ்சத்துக்குத் தடையில்லை, தேடப்படுகிறவர்கூட விமான நிலையம் வழியாக வெளியேற முடியும் என்பதை, முதல்நிலைக்கு மேலே இருக்கும் மேல் தீர்ப்பாயம் இலங்கை பற்றி 2013இல் கொடுத்த தீர்ப்பு (அதைக் கீழே பார்ப்போம்) ஏற்றுக்கொண்டது.

தழும்புகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சூடான கம்பியால் சுட்ட தழும்போடு வந்த ஒரு தமிழரின் வழக்கில், தஞ்சம் பெறுவதற்காக மயக்க மருந்து எடுத்துக்கொண்டு யாரையோ வைத்துச் சுடவைத்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுப்பப்பட்டது. மேல் தீர்ப்பாயம் அவரை நம்பவில்லை. 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. தன்னைத்தானே சித்திரவதைக்கு ஒப்புக்கொடுப்பவர் மிக மிக அரிது என்பதை எடைபோட வேண்டும் என்றும், தழும்பு எப்படி வந்தது என்று மட்டுமல்லாமல் சொல்லப்பட்ட சூழ்நிலையோடு அது ஒத்துப்போகிறதா என்றும் மருத்துவர் கருத்துச் சொல்லலாம் என்றும் கூறியது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு மருத்துவ அறிக்கைக்கு மதிப்புக் கூடியது.

நிரூபிக்க வேண்டிய அளவிலும் மாற்றம் வந்திருக்கிறது. 2022 ஜூன் 28 முதல் வைக்கப்பட்ட கோரிக்கைகளில் நீதிபதி இரண்டு படியாகப் பார்க்க வேண்டும். அந்த அரசியல் கருத்து உங்களுக்கு இருக்கிறது அல்லது உங்களுக்கு இருப்பதாகத் துன்புறுத்துபவர்கள் நினைக்கிறார்கள், உண்மையிலேயே அஞ்சுகிறீர்கள் என்பதை 'இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம்' என்ற அளவுக்குக் காட்ட வேண்டும். திரும்பினால் ஆபத்தா என்ற அடுத்த படிக்குத்தான் 1988இன் தாழ்ந்த அளவு. என் பார்வையில் இது தேவையில்லாத சிக்கல். கையில் ஒரு காகிதமும் இல்லாமல் ஓடிவருகிற ஆளுக்கு முதல் படியே உயரமாகிவிட்டது.

நீங்கள் யார் என்பதை அவர்கள் முடிவுசெய்கிறார்கள்

இப்போது அந்தக் கடைசிப் பத்திக்கு வருவோம். நம்பிவிட்டோம், ஆனால் ஆபத்து இல்லை.

ஒவ்வொரு நீதிபதியும் இலங்கை நிலவரத்தைப் புதிதாக ஆராய முடியாது. அதனால் மேல் தீர்ப்பாயம் நாட்டுக்கு நாடு வழிகாட்டித் தீர்ப்புகள் வெளியிடும். மாற்றுவதற்கு வலுவான புதிய ஆதாரம் இல்லாதவரை மற்ற நீதிபதிகள் அதையே பின்பற்ற வேண்டும். இலங்கைக்கு 2013 தீர்ப்பும், அதைத் தெளிவுபடுத்திய 2021 தீர்ப்பும் இருக்கின்றன. 2013இல் சொன்னதன் சாரம் இது: வடக்கில் இருந்த எல்லோருக்கும் ஏதோ ஒரு விதத்தில் புலிகளோடு தொடர்பு இருந்தது என்பது இலங்கை அரசுக்கே தெரியும். பலர் பிழைப்புக்காக வெளிநாடு போனதும் தெரியும். அதன் உளவு தேர்ந்தது. முன்பு புலியாக இருந்தார் என்பது இப்போது மையமில்லை. பிரிவினையை வெளிநாட்டிலிருந்து உயிர்ப்பிக்கும் வேலையில் குறிப்பிடத்தக்க பங்கு வகிக்கிறார் என்று அரசு நினைக்கிறதா என்பதுதான் மையம். இவர்களோடு, அரசை விமர்சிக்கும் பத்திரிகையாளர்கள், மனித உரிமைச் செயற்பாட்டாளர்கள், போர்க்குற்றச் சாட்சியம் சொன்னவர்கள், பிடியாணையோடு விமான நிலையப் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் ஆகியோரையும் ஆபத்தான வகைகளாகச் சொன்னது.

'குறிப்பிடத்தக்க பங்கு' என்றால் பதவி வேண்டுமா, மேடையில் பேச வேண்டுமா என்று எட்டு வருடம் இழுபறி. வேண்டியதில்லை என்று 2021 தீர்ப்பு சொன்னது. எந்த அமைப்பு, என்ன வேலை, எவ்வளவு காலம், ஊரில் என்ன வரலாறு, குடும்பத்தில் யார் யார் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆகவே நம் மனிதரின் வழக்கில், தூதரகம் முன்னால் கொடி பிடித்த ஒரு போட்டோ மட்டும் இருந்தால் பெரும்பாலும் போதாது. பல வருடமாக ஆர்ப்பாட்டங்களை ஒழுங்குசெய்கிறார், இலங்கையில் தடைசெய்யப்பட்ட அமைப்பு ஒன்றுக்காக ஆள் சேர்க்கிறார், ஊரில் ஏற்கனவே கைது இருக்கிறது, சகோதரர் மாவீரர் (புலிகளுக்காகப் போரிட்டு இறந்தவர்) என்றால் கதையே வேறு.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. அப்பீல் வருகிறது என்பதற்காகவே ஒருவர் ஆர்ப்பாட்டத்தில் போய் நின்றால்? 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்படிப்பட்டவருக்கும் ஆபத்து உண்மையாக இருந்தால் பாதுகாப்பு உண்டு என்றது. நோக்கம் கேவலமாக இருக்கலாம்; அதற்காக ஆளைச் சித்திரவதைக்கு அனுப்ப முடியாது. நடைமுறையில் அந்த ஆள் பெரும்பாலும் தோற்பார். நீதிபதிக்குத் தெரிகிற நாடகம் தேர்ந்த உளவு வைத்திருக்கும் அரசுக்கும் தெரியும் என்று முடிவாகும்.

மறுபக்கம், கருத்தே இல்லாதவர். 2012இல் ஜிம்பாப்வே நாட்டவர் சிலரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. அவர்களுக்கு அரசியலில் பெரிய ஈடுபாடு இல்லை. ஆனால் ஊருக்குத் திரும்பினால் அப்போதைய ஜனாதிபதி முகாபேயின் கட்சிக்கு விசுவாசம் காட்டச் சொல்வார்கள், காட்டாவிட்டால் எதிரி. பொய்யாகக் கோஷம் போட்டுத் தப்பிக்கலாமே என்றது ஹோம் ஆபீஸ். அப்படிச் செய்யச் சொல்ல முடியாது, கருத்து இல்லாமல் இருப்பதும் ஒரு உரிமை என்றது நீதிமன்றம். தன்பால் ஈர்ப்புள்ள இருவரின் வழக்கில் 2010இல் உருவான அதே கொள்கை இது: அச்சத்தால் வாயை மூடிக்கொண்டு வாழ்வதைப் பாதுகாப்பு என்று சொல்லக் கூடாது.

2021 தீர்ப்பு இதை ஈழத் தமிழர்களுக்கும் பொருத்தியது. இலங்கை அரசியலமைப்பின் 1983 ஆறாவது திருத்தம் தனிநாடு கோருவதையே தடைசெய்கிறது. ஒருவர் தனிநாட்டை உண்மையாகவே நம்புகிறார், ஊரில் அதை வெளியே சொல்ல மாட்டார் என்றால், ஏன் சொல்ல மாட்டார் என்று நீதிபதி கேட்க வேண்டும். இயல்பாகவே அவர் பேசாத ஆள் என்றால் வழக்கு இல்லை. பேசினால் பிடிப்பார்கள் என்ற பயமும் ஒரு முக்கியக் காரணம் என்றால் அவர் அகதி. வாக்குமூலத்தில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அடித்ததையும் சுட்டதையும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். என்ன நம்புகிறேன், திரும்பினால் என்ன பேசுவேன், ஏன் பேச மாட்டேன் என்பதற்கு ஒரு பத்திகூட இருக்காது.

புலிகளில் இருந்தேன் என்று சொன்னால் போர்க்குற்றவாளி என்று தள்ளிவிடுவார்களோ என்ற பயத்தில் சிலர் அதை மறைக்கிறார்கள். இயக்கத்தில் இருந்தார் என்பது மட்டும் விலக்கி வைக்கப் போதாது, குற்றங்களுக்குத் தெரிந்தே குறிப்பிடத்தக்க பங்களிப்புச் செய்திருக்க வேண்டும் என்று 2010இல் ஒரு முன்னாள் புலி உறுப்பினரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. எனினும் பொறுப்பில் இருந்தவர்கள் இதை வக்கீலோடு முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

தோற்றால்

முதல்நிலையில் தோற்றவர் மேல் தீர்ப்பாயத்துக்குப் போக அனுமதி கேட்க வேண்டும், அதற்கும் பெரும்பாலும் 14 நாள்தான். 'தீர்ப்பு அநியாயம்' என்ற வாதம் அங்கே எடுபடாது. சட்டப் பிழை காட்ட வேண்டும்: மருத்துவ அறிக்கையைப் பார்க்காமலே நம்பவில்லை என்று முடிவுகட்டிவிட்டார், வழிகாட்டித் தீர்ப்பைப் பின்பற்றவில்லை, முக்கியமான சாட்சியத்தைத் தொடவே இல்லை என்பது மாதிரி. ஹோம் ஆபீஸ் தோற்றாலும் அதற்கும் இதே வழி திறந்திருக்கிறது. ஜெயித்த மகிழ்ச்சியில் இருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எல்லாக் கதவும் மூடிய பிறகு மிஞ்சுவது 'ஃபிரெஷ் கிளெய்ம்'. புதிய ஆதாரம் இருந்து, அதைப் பழைய ஆதாரத்தோடு சேர்த்துப் பார்த்தால் வேறொரு நீதிபதியிடம் வெல்ல உண்மையான வாய்ப்பு இருக்கிறது என்றால் அது புதுக் கோரிக்கையாகும், அதை நிராகரித்தால் புது அப்பீல். ஆனால் பழைய தீர்ப்பு அழிந்துவிடாது. அடுத்த நீதிபதி அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று 2002இல், இதுவும் ஒரு இலங்கைத் தமிழரின் வழக்கில்தான், விதி வகுத்தார்கள். பத்து வருடத்துக்கு முன் அவசரத்தில் சொன்ன ஒரு பொய் இன்றும் முதல் பக்கத்தில் நிற்கும்.

இந்த அமைப்பே மாறலாம். காத்திருக்கும் வழக்குகள் குவிந்துவிட்டதால், தஞ்ச அப்பீல்களைக் கேட்கத் தனி அமைப்பு ஒன்றை உருவாக்கப்போவதாக 2025இல் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. இப்போது அப்பீல் போடுகிறவர்கள் தங்கள் வழக்கில் எந்தத் தேதியின் விதி பொருந்தும் என்பதை முதல் சந்திப்பிலேயே சொலிசிட்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.